4 கிலோ குழந்தைன்னா பெருமையா? கர்ப்பகால சாப்பாடும் குழந்தை எடையும்

வணக்கம். குழந்தை 4 கிலோன்னு கேட்டதும் "அம்மா நல்லா சாப்பிட்டிருக்கா"ன்னு சொந்தக்காரங்க சந்தோஷப்படுவாங்க. லேபர் வார்டு டாக்டருக்கு அந்த நம்பர் டென்ஷன். நம்ம ஊர்க் குழந்தைங்க சராசரியா 3 கிலோவுக்கு கொஞ்சம் கீழ தான் பொறக்குது, 4 கிலோவ தாண்டினா தலை வந்தப்புறம் தோள் மாட்டிக்கற வாய்ப்பு கூடுது, கை நரம்பு அடிபடலாம், அம்மாவுக்கு கிழிசல், ரத்தப்போக்கு, சிசேரியன்னு போகலாம்.

(திரையில்: அம்மா, நஞ்சுக்கொடி, குழந்தை படம்)

இப்போ இதப் பாருங்க. அம்மா ரத்தத்துல இருக்கற குளுக்கோஸ், அதாவது சுகர், நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு போகும், அம்மாவோட இன்சுலின் போகாது. சூட்சுமமே இங்க தான். சுகர் அதிகமா வந்தா குழந்தையோட கணையமே கூடுதலா இன்சுலின் சுரக்கும், அந்த இன்சுலின் சும்மா சுகர மட்டும் குறைக்காது, கொழுப்பா மாத்தி தோள்லயும் வயித்துலயும் சேத்து வைக்கும். டென்மார்க் டாக்டர் பீடர்சன் 1950கள்லயே இத சொல்லிட்டாரு. பொறந்து தொப்புள்கொடிய வெட்டினதும் அம்மா சுகர் நின்னுடும், ஆனா குழந்தை உடம்புல இன்சுலின் அப்படியே இருக்கும், சுகர் சர்ருன்னு இறங்கும். நர்ஸ் குதிகால்ல குத்தி டெஸ்ட் பண்றது அதுக்கு தான், பதறாதீங்க.

சரி, அப்போ சாப்பாட்ட குறைச்சிடலாமான்னா, வேணவே வேணாம். எடை குறைஞ்ச குழந்தையும் நம்ம நாட்டுல பெரிய பிரச்சினை. "ரெண்டு உயிருக்கு சாப்பிடு"ன்னு பாட்டி சொல்றாங்கல்ல, நாலாவது மாசத்துக்கு மேல கூடுதலா தேவைப்படறது ஒரு நாளைக்கு 350 கலோரி தான், ரெண்டு இட்லி சாம்பார், ஒரு டம்ளர் பால், கிட்டத்தட்ட கணக்கு முடிஞ்சுது. வம்பு எங்கன்னா காலைல அஞ்சு இட்லி, கூடவே ஜூஸ், பதினொரு மணிக்கு சர்க்கரை போட்ட சத்து பவுடர் பால், மதியம் தட்டு நிறைய சோறு ஓரத்துல கொஞ்சூண்டு பொரியல். அதையே பிரிச்சு சாப்பிடுங்க, சோறு குறையட்டும், சுண்டல் முட்டை மீன் கீரை கூடட்டும், ராகி நல்லதுன்னு கூழா குடிக்கறத விட காய் போட்ட அடையா சாப்பிட்டா சுகர் மெதுவா ஏறும்.

இதுக்கு பலன் இருக்கா? 2005ல வந்த ஆஸ்திரேலிய ஆய்வுல கர்ப்பகால சுகர், அதாவது கர்ப்பத்துல வர்ற சர்க்கரை நோய், இருந்த 1,000 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க. சாப்பாட்டு ஆலோசனை, சுகர் செக்கப், தேவைப்பட்டவங்களுக்கு இன்சுலின்னு கவனிச்ச குரூப்ல 4 கிலோ தாண்டின குழந்தைங்க 10 சதவீதம், இன்னொண்ணுல 21. அதுக்காக குழந்தை பெருசா இருந்தா "நீ தின்னது தான்"னு மருமகள பிடிச்சுக்காதீங்க மாமியாருங்களே, அம்மாவோட பழைய எடை, பரம்பரை, தேதி தள்ளிப் போறதுன்னு வேற காரணமும் நிறைய இருக்கு.

டெஸ்ட்ட மட்டும் விடாதீங்க. முதல் செக்கப்ல ஒரு தடவ, நார்மலா இருந்தா 24லேர்ந்து 28 வாரத்துக்குள்ள இன்னொரு தடவ, 75 கிராம் குளுக்கோஸ் தண்ணிய குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க, 140 அல்லது மேல வந்தா கர்ப்பகால சுகர். வெறும் வயித்தோட போகணும்னு இல்ல, சென்னை டாக்டர் சேஷையா இந்த முறைக்காக ரொம்ப பாடுபட்டாரு. குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா மறுநாள் திரும்ப போங்க.

சுகர் இருந்தவங்க டெலிவரிக்கு அப்புறம் ஆறாவது வாரம் மறுபடி டெஸ்ட் பண்ணணும், இந்த தடவ வெறும் வயித்துல. குழந்தைக்கு ஆறாவது வார ஊசி போட போவீங்கல்ல, அன்னைக்கே முடிச்சுட்டு வந்துடுங்க.