ஆண்ட்ரூ ஜாக்சன் ஹீரோவா வில்லனா? எங்க கிளாஸ் பசங்க வரைஞ்ச படங்கள்

வணக்கம் மக்களே. பின்னாடி சுவர் முழுக்கப் படமா இருக்கு பாருங்க, எல்லாம் எங்க எட்டாம் கிளாஸ் பசங்க வரைஞ்சது. நான் ஜார்ஜியால ஒரு மிடில் ஸ்கூல்ல சோஷியல் ஸ்டடீஸ் எடுக்கறேன். இந்த மாநிலத்துல எட்டாம் கிளாஸுக்கு ஜார்ஜியா வரலாறுதான் பாடம், அதுல ஆண்ட்ரூ ஜாக்சனைத் தொடாம தாண்டவே முடியாது. "இந்த மனுஷனைப் பத்தி உன் தீர்ப்பு என்ன, ஒரே ஒரு கார்ட்டூன்ல சொல்லு"ன்னு கொடுத்தேன். படத்தைக் காட்டப் பசங்க கிட்டயும் அவங்க வீட்லயும் கேட்டுக்கிட்டேன், பேரெல்லாம் மறைச்சாச்சு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், 20 டாலர் நோட்டுல இருக்கறவர்தான் ஜாக்சன். ஏழாவது ஜனாதிபதி, 1829ல இருந்து 1837 வரைக்கும். 1815ல நியூ ஆர்லியன்ஸ்ல பிரிட்டிஷ் படையைத் தோற்கடிச்ச ஜெனரல். குடும்பப் பின்னணி, படிப்புன்னு பெருசா எதுவும் இல்லாம மேல வந்தவர். அதே ஆள் டென்னசில தன்னோட தோட்டத்துல கறுப்பின மக்களை அடிமையா வெச்சிருந்தார். 1804ல தப்பிச்சுப் போன ஒருத்தரைப் பிடிச்சுக் கொடுத்தா 50 டாலர்னு பேப்பர்ல விளம்பரம் கொடுத்தார். பிடிக்கறவங்க தப்பிச்சவருக்குக் கொடுக்கற ஒவ்வொரு நூறு சவுக்கடிக்கும் இன்னும் பத்து டாலர், முந்நூறு அடி வரைக்கும் தர்றேன்னு அதுலயே போட்டிருக்கார்.

அப்புறம் 1830. மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்க வாழ்ந்த பூர்வகுடி மக்களை மேற்க அனுப்பறதுக்கு ஜாக்சன் கையெழுத்துப் போட்ட சட்டம். பிரதிநிதிகள் சபையில 102க்கு 97ன்னு மயிரிழைல பாஸ் ஆச்சு. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க"ன்னு யார் சொன்னாலும் நான் முதல்ல காட்டறது இந்த ஓட்டுக் கணக்கைத்தான். 97 பேர் அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்காங்க.

சரி, படத்துக்கு வருவோம். இந்த மேல் வரிசை பாருங்க. முகத்துல பாதி சிரிக்குது, பாதியில கொம்பு முளைச்சிருக்கு. நிறைய பேர் இப்படித்தான் வரைஞ்சாங்க. உழைப்பு தெரியுது, ஆனா எனக்கு இதுல மனசு ஒட்டல. நடுவுல கோடு கிழிச்சுட்டா, அவர் காலத்துல சாதாரண வெள்ளைக்கார ஆம்பளைங்களுக்குக் கிடைச்ச ஓட்டு ஒரு பக்கம், ஜார்ஜியா பக்கத்துப் பூர்வகுடிகளான செரோக்கீ மக்களோட சாவு இன்னொரு பக்கம், ரெண்டும் தனித்தனி சமாச்சாரம்னு ஆயிடுது. தராசுல வெச்சு ரெண்டும் சமம்னு சொல்லிட்டு எழுந்து போயிடலாம். தீர்ப்பு எங்க இருக்கு அதுல?

இதைப் பாருங்க, கொஞ்சம் கிட்ட காட்டறேன். 1833ல வந்த ஒரு பழைய கார்ட்டூனை வெச்சு வரைஞ்சது. அந்தப் பழைய படத்துல ஜாக்சன் "முதலாம் ஆண்ட்ரூ ராஜா"ன்னு கிரீடம் வெச்சுட்டு நிப்பார். கையில செங்கோல், வீட்டோ (காங்கிரஸ் பாஸ் பண்ண சட்டத்தை ஜனாதிபதி தடுக்கறது)ன்னு எழுதின தாள், காலுக்குக் கீழ கிழிஞ்ச அரசியல் சாசனம். மத்திய அரசு உரிமம் கொடுத்த "அமெரிக்க பேங்க்"கைத் தொடர விடாம 1832ல வீட்டோ பண்ணார்ல, அந்தக் கோபம்தான் அதுல பெருசு. செரோக்கீ ஒருத்தர் கூட அந்தப் படத்துல கிடையாது. எங்க பொண்ணு என்ன பண்ணியிருக்கா, காலுக்குக் கீழ ஒரு அச்சு மெஷினை வெச்சிருக்கா. இங்க ஜார்ஜியால நியூ எக்கோட்டாங்கற ஊர்ல செரோக்கீக்கள் 1828லயே தங்களோட சொந்த எழுத்துல பேப்பர் நடத்தினாங்க. பூட்ஸ் பக்கத்துல அந்த எழுத்துங்க சிதறிக் கிடக்குது பாருங்க, ஒவ்வொண்ணும் இடம் வலம் மாறியிருக்கு. ஈய அச்சு அப்படித்தானே இருக்கும்! நான் சொல்லித் தரல, அவளாவே யோசிச்சிருக்கா.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த நீளப் படம். ஒரு ஓரத்துல ஓட்டுப் பெட்டி, இன்னொரு ஓரத்துல மேற்க போற வண்டிங்க, நடுவுல சீட்டுக் குலுக்கற ரெண்டு உருளை. 1832ல ஜார்ஜியா அரசாங்கம் செரோக்கீ நிலத்தை அளந்து, 160 ஏக்கர் துண்டு, தங்கம் இருக்கற பக்கம் 40 ஏக்கர் துண்டுன்னு பிரிச்சு, வெள்ளைக்காரங்களுக்குக் குலுக்கல் போட்டுக் கொடுத்துச்சு. செரோக்கீக்கள் அந்த வீடுகள்ல குடியிருக்கும்போதே! 1835ல அவங்க தலைவர் ஜான் ராஸ் வாஷிங்டன் போயிட்டுத் திரும்பினா, அவர் வீட்டுலயே சீட்டு விழுந்த ஆள் குடிவந்தாச்சு. படத்துல இந்த வீட்டைப் பாருங்க, அடுப்புல பானை கொதிக்குது, வாசல்ல சீட்டோட ஒருத்தன் நிக்கறான். அங்கிருந்து கிளம்பற வரிசைதான் ஓட்டுப் பெட்டி வரைக்கும் போகுது. ஜாக்சன் பெட்டியில ஒட்டின நோட்டீஸ்ல மட்டும் இருக்கார். ஏழை விவசாயிக்கு அவர் ஏன் ஹீரோ, செரோக்கீக்கு ஏன் எமன், ரெண்டுக்கும் ஒரே பதில் நிலம்தான்னு பதிமூணு வயசுப் புள்ள சொல்லிடுச்சு. பாதி முகம் இதைச் சொல்லவே சொல்லாது.

சில படங்கள்ல திருத்தம் போட்டேன். பனியில குதிரை மேல உக்காந்து ஜாக்சனே சவுக்கால விரட்டற மாதிரி ஒண்ணு. செரோக்கீக்களை ராணுவம் வெளியேத்தினது 1838ல. அப்ப ஜனாதிபதி வான் பியூரன், படைக்குத் தலைமை ஜெனரல் ஸ்காட். சுமார் நாலாயிரம் பேர் செத்தாங்கன்னு பரவலா சொல்றாங்க. அதுக்காக ஜாக்சனுக்குப் பங்கு குறையாது. நிலத்தை விட்டுக்கொடுக்கற, செரோக்கீ அரசாங்கம் ஒத்துக்காத ஒப்பந்தத்தை ஒரு சின்னக் கூட்டத்தோட போட்டு செனட்டுக்குக் கொண்டு போனது அவர் ஆட்சி. அங்க ஒரே ஒரு ஓட்டுல தேறுச்சு. இன்னொரு பூர்வகுடியான சோக்டா மக்களை 1831லயே அனுப்ப ஆரம்பிச்சாச்சு. அதனால சவுக்கை எடுத்துட்டுப் பேனாவைக் கொடுன்னு சொன்னேன்.

கடைசியா இது. ஹீரோன்னு துணிஞ்சு சொன்ன பையன். தெற்கு கரோலினா "உங்க வரிச் சட்டம் எங்களுக்குச் செல்லாது"ன்னு 1832ல முறுக்கினப்ப, படையை அனுப்பவும் தயார்னு ஜாக்சன் நின்னார். படத்துல அந்த மாநிலம் ஒரு கயித்தை வெளிய இழுக்குது, இவர் நாட்டைச் சேர்த்துப் பிடிச்சிருக்கார். நல்ல வாதம், நான் குறைச்சு மார்க் போடல. ஒரே ஒரு கேள்வி மட்டும் பின்பக்கம் எழுதினேன்: அதே வருஷம் செரோக்கீ மண்ணுல ஜார்ஜியா சட்டம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியும் ஜார்ஜியா கேக்கல, அப்ப இந்தக் கயிறு எங்க இருந்துச்சு? படிச்சுட்டுப் பையன் படத்தைத் திருப்பி வாங்கிட்டான். தெற்கு கரோலினாவுக்குப் பக்கத்துல ஜார்ஜியாவையும் வரையணுமாம். முடிச்சுக் கொடுத்ததும் காட்டறேன்.