விரல் நின்ற இடம்

நேயர்களுக்கு வணக்கம். ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகளைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அந்தப் போனுக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

ஒரு காலத்தில் இன்ஸ்டாகிராம், போட்ட நேரப்படிதான் பதிவுகளைக் காட்டியது. 2016-ல் அது மாறியது. எதில் உங்கள் விரல் நின்றது, எத்தனை விநாடி நின்றது, யாருக்கு அனுப்பினீர்கள் என்பதை வைத்துத்தான் இன்று அடுத்த வீடியோ வருகிறது. ஆசையில் நின்றீர்களா, ஆத்திரத்தில் நின்றீர்களா என்பதைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை இல்லை. இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் ஒரே நிறுவனம்தான். அந்த ஃபேஸ்புக்கில் 2017-லிருந்து கோப முக எமோஜிக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தார்கள். 2020-ல்தான் அதைச் சுழியாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் எரிச்சலூட்டுகிறவனுக்குத்தான் முன்வரிசை.

என்னிடம் படிக்கும் ஒரு பையன், நீடாமங்கலம் பக்கம். "நிலத்தை வித்துட்டுக் கிளம்புங்கடா" என்று ஒருவர் கத்தும் வீடியோவை ஒருநாள் முழுசாகப் பார்த்திருக்கிறான். பிறகு அதே சரக்குதான் வந்துகொண்டிருந்தது. "எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க" என்றான். யாருடா எல்லாரும் என்றேன். போனை நீட்டினான். வெடித்த வயல், சோக இசை, தள்ளத் தள்ள அதுவே. அவன் சித்தப்பா அந்த வாரம்தான் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். விவசாயத்தில் கஷ்டமே இல்லை என்று சொல்ல நான் யார்? கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைவது டெல்டாக்காரனுக்குப் புதிதா? ஆனால் சித்தப்பாவிடம் கேட்டால் நஷ்டக் கணக்கும் வரும், சம்பாவுக்கு என்ன ரகம் என்ற யோசனையும் கூடவே வரும். போனில் முதல் பாதி மட்டும்தான் வந்தது. அதைத் தன் சொந்தக் கருத்து என்றே அவன் நம்பினான்.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் வேதனை. 2021-ல் பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியிட்டார். உடல்தோற்றம் பற்றி ஏற்கெனவே கவலைப்பட்ட வளரிளம் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதைக் கூட்டுகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே சொன்னது. நம் ஊரில் இது நேராக மாநிறத்தில் வந்து முட்டுகிறது.

வேண்டாத வீடியோ வந்தால் திட்டி கமெண்ட் போடாதீர்கள், அதுவும் அதற்குத் தீனிதான். 'ஆர்வமில்லை' என்பதை அழுத்துங்கள். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். வணக்கம்.