இரண்டு வாய்க்கால், ஒரு வரப்பு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், வரப்பை என்னதான் மிதித்துக் கட்டினாலும் தண்ணீர் நிற்கிற வயலிலிருந்து அடுத்த வயலுக்கு ஈரம் கசியத்தான் செய்யும். நண்டு வளை இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இன்று நான் பேசவந்த நுரையீரல் சிப்பும் ஒரு கசிவுக் கதைதான்.

சிப் என்றதும் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர், "உடம்புக்குள்ள வச்சுத் தைக்கிறதா சார்?" என்று கேட்டார். இல்லை, இது நுரையீரலைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு குட்டி மாதிரி, மருந்துகளைச் சோதிக்க ஆய்வகத்து மேசையில் இருப்பது. கம்ப்யூட்டர் சிப்பில் நுண்கோடுகள் செதுக்கும் முறையிலேயே அச்சு செய்து, அதில் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி எடுப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளின் அழிரப்பர் அளவுதான் இருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியும்.

2010-இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டோனல்ட் இங்பர் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். ரப்பருக்குள் மேலும் கீழுமாக இரண்டு வாய்க்கால். நடுவில் 10 மைக்ரான் கனத்தில், பொத்தல் பொத்தலாக ஒரு சவ்வு. அதுதான் வரப்பு. சவ்வின் மேற்புறம் மனித நுரையீரலின் காற்றறைச் செல்கள், அங்கே காற்று. கீழ்ப்புறம் ரத்தக்குழாய்ச் செல்கள், அங்கே ரத்தத்துக்குப் பதில் ஊட்டத் திரவம். இதுவரைக்கும் சரி, யாருக்கும் தோன்றக்கூடியதுதான். கெட்டிக்காரத்தனம் ஓரத்தில் இருக்கிறது. இருபுறமும் காலி அறைகள். அவற்றிலிருந்து காற்றை உறிஞ்சினால் சவ்வு இழுபடும், விட்டால் சுருங்கும். உறிஞ்சி விட, உறிஞ்சி விட, சிப் மூச்சு விடுகிறது.

அந்த மூச்சு எதற்கு? இன்டர்லூகின்-2 என்று ஒரு புற்றுநோய் மருந்து. அது சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும். 2012-இல் அந்த மருந்தைக் கீழ் வாய்க்காலில் விட்டுப் பார்த்தார்கள். சில நாளில் திரவம் சவ்வு வழியே கசிந்து காற்று வாய்க்காலை நிறைத்தது. சவ்வை அசையாமல் வைத்தால் கசிவு குறைவு. மூச்சு விட விட அதிகம். மூச்சே கசிவைக் கூட்டுகிறது! அவர்களின் ஆய்வுக் கட்டுரையில் இதைச் சொல்லும் பத்தியை நான் இரண்டு தடவை படித்தேன். தட்டில் சும்மா வளர்கிற செல்லில் இது பிடிபட்டிருக்காது.

அப்புறம் கல்லீரல், குடல், சிறுநீரகம் என்று வரிசையாக வந்தன. 2022-இல் 27 மருந்துகளை 870 கல்லீரல் சிப்களில் சோதித்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தை அவை காட்டிக்கொடுத்தன. சோதித்தது சிப் விற்கிற கம்பெனியேதான், அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். விலங்குச் சோதனைக்குப் பதிலாக இத்தகைய முறைகளையும் ஏற்கலாம் என்று நம் நாட்டுப் புது மருந்து விதிகள் 2023-இல் திருத்தப்பட்டன.

ஒரு தொல்லை இன்னும் தீரவில்லை. புது மண்சட்டி எண்ணெயைக் குடிப்பதுபோல, இந்த ரப்பரும் எண்ணெயில் கரையும் மருந்துகளைக் குடித்துவிடும். அதனால் மருந்தைச் செல் எவ்வளவு குடித்தது, சட்டி எவ்வளவு குடித்தது என்று முதலில் பிரித்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. வணக்கம்.