வலது கையில் ஒரு கட்டு

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் எதுவும் இல்லை, கேமராவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துதான் பேசப்போகிறேன். எலன் கிராஃப்ட் என்ற பெண்ணைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

1848 டிசம்பர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊர். எலன் தையல் தெரிந்த அடிமைப் பெண், கணவர் வில்லியம் தச்சர், அவரும் அடிமைதான். எலனின் அப்பா யார் தெரியுமா? அம்மாவை அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்கார முதலாளியேதான். அதனால் எலன் பார்க்க வெள்ளைக்காரி மாதிரியே இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் இதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள், அது முதலாளியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. எலனுக்கு 11 வயது இருக்கும்போது, தன் மகள் கல்யாணத்துக்குச் சீராக அவரைக் கொடுத்துவிட்டார். அந்த மகள் எலனுக்கு அக்கா முறை! தங்கையையே சீர்வரிசையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

சரி, தப்பித்த கதைக்கு வருகிறேன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஆண் அடிமையோடு தனியாகப் பயணம் போகும் வழக்கம் அங்கே கிடையாது. அதனால் எலன் முடியை வெட்டி, கால்சட்டை தைத்துப் போட்டு, உயரத் தொப்பியும் பச்சைக் கண்ணாடியும் வைத்து, அடிமை முறை இல்லாத வடக்குப் பக்கத்து ஊரான ஃபிலடெல்ஃபியாவுக்கு வைத்தியத்துக்காகப் போகிற பணக்கார இளைஞராக மாறினார். வில்லியம் அவருடைய வேலைக்காரன். ஆனால் ஒரு சிக்கல். வழியில் ஹோட்டல்களில் கையெழுத்துக் கேட்பார்கள், அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதையே ஜார்ஜியாவில் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள், எலனுக்குத் தன் பெயர்கூட எழுதத் தெரியாது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வலது கைக்குக் கட்டுப் போட்டுத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டார்.

மேக்கனில் ரயில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து இருக்கையில் யார்? முதல்நாள் முதலாளி வீட்டில் சாப்பிட்டுப் போன மனிதர்! அவர் காலை வணக்கம் மாதிரி ஏதோ பேச, எலன் காது கேளாதவர்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். சவானாவில் கப்பல் ஏறி சார்ல்ஸ்டன் போனால் டிக்கெட் கொடுக்கிறவர் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம். கட்டைக் காட்டியும் மனிதர் இறங்கவில்லை, கடைசியில் கப்பல் தலைவர் நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் போக முடிந்தது. கிட்டத்தட்ட ஆயிரம் மைல், நான்கே நாள். கிறிஸ்துமஸ் விடிகாலையில் ஃபிலடெல்ஃபியா.

அங்கே ஒரு குவேக்கர் குடும்பம், அதாவது அடிமை முறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், அவர்களைப் பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டது. எலன் முதன்முதலாகத் தன் பெயரை எழுதப் பழகியது அந்த வீட்டில்தான். அப்புறம் பாஸ்டனைச் சுற்றி அடிமை ஒழிப்புக் கூட்டங்கள். பேசியது பெரும்பாலும் வில்லியம், ஆனால் எலனைப் பார்க்கத்தான் கூட்டம் காத்திருந்தது. 1850இல் தப்பியவர்களைப் பிடித்துக்கொடுக்கச் சொல்லும் சட்டம் வந்தது, ஜார்ஜியாவிலிருந்து இரண்டு பேர் இவர்களைப் பிடிக்கவே பாஸ்டன் வந்தார்கள். இருவரும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். அங்கே சர்ரே பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்து ஒழுங்காகப் படித்தார்கள்.

1852இல் எலன் பழைய அடிமை வாழ்க்கைக்கே திரும்ப ஆசைப்படுகிறார் என்று யாரோ புரளி கிளப்பினார்கள். எலன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: அமெரிக்க மண்ணிலேயே மிக நல்ல மனிதனுக்கு அடிமையாக இருப்பதைவிட, இங்கிலாந்தில் சுதந்திரமான பெண்ணாகப் பட்டினி கிடப்பேன். எந்தக் கையைக் கட்டி மறைத்தாரோ, அந்தக் கை எழுதியது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறையும் ஒழிந்த பிறகு ஜார்ஜியாவுக்கே திரும்பினார்கள். விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்காக 1870களில் ஒரு பள்ளி நடத்தினார்கள். எங்கே தெரியுமா? சவானா பக்கத்தில், அன்றைக்குக் கப்பல் ஏறிய அதே சவானா.