அத்திப்பட்டில் ஆழமாகத் தோண்டினால் கரண்ட் வருமா?

அடுத்த கேள்வி எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, பூமிக்குள்ளே எங்கே தோண்டினாலும் சூடுதான் என்கிறீர்கள். அப்படியானால் அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை நிறுத்திவிட்டு, அங்கேயே போர்வெல் போட்டு அதே டர்பைனை ஓட்டக் கூடாதா? சாம்பல் தொல்லையாவது ஒழியுமே!"

அந்த நிலையத்துச் சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் கால் வைத்தவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

சூடு இருக்கிறது, பொய்யில்லை. ஆழம்தான் சிக்கல். பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி ஏறும். மின்சாரம் எடுக்க 150 டிகிரி வேண்டுமென்றால் இங்கே நாலு கிலோமீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 14,000 அடி போக வேண்டும். நாமோ நூறு அடியில் உப்புத் தண்ணீர் வந்ததற்கே போர்க்காரரிடம் சண்டை போட்டவர்கள்!

சரி, போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பது கெட்டிப் பாறை, தண்ணீர் ஓட வழியில்லை. அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி மெல்லிய விரிசல்களைத் திறக்க வேண்டும். ஒரு கிணற்றில் குளிர்ந்த நீர் இறங்கும்; விரிசல் வழியே சூடேறி இன்னொரு கிணற்றில் மேலே வரும். மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப முறை என்பது இதுதான். அமெரிக்காவில் ஃபென்டன் ஹில்லில் 1970களிலேயே தொடங்கிவிட்டார்கள். 2023இல் நெவாடாவில் ஃபெர்வோ நிறுவனம் கிணற்றைப் பக்கவாட்டில் திருப்பித் துளைத்து, 3.5 மெகாவாட்டுக்குப் போதுமான வெந்நீர் ஓட்டத்தைக் காட்டியது. நம் வடசென்னை அனல் மின் நிலையத்தின் பழைய யூனிட் ஒன்றே 210 மெகாவாட்.

அதே டர்பைனும் ஆகாது, தம்பி. அது 500 டிகிரிக்கு மேல் நீராவி கேட்கும். 150 டிகிரி நீரைக் கொண்டு, சீக்கிரம் கொதிக்கிற வேறு திரவத்தை ஆவியாக்கி, அதற்கென்று தனி டர்பைன் வைக்க வேண்டும். சப்ஸ்டேஷனும் மின்கம்பியும் வேண்டுமானால் உதவும்.

அப்புறம் நில அதிர்வு. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் வந்த நிலநடுக்கத்தைத் தூண்டியது இப்படித் தண்ணீர் செலுத்தியதுதான் என்று அரசு அமைத்த குழுவே சொன்னது. மணலி சுத்திகரிப்பு ஆலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பரிசோதனையை இங்கே செய்யலாம் என்றால் நான் கை தூக்க மாட்டேன்.

நாடு தொடங்க வேண்டிய இடம் லடாக்கின் புகா பள்ளத்தாக்கு. அங்கே பாறையை உடைக்கவே வேண்டாம்; நிலத்தட்டுகள் மோதும் பகுதி, வெந்நீர் தானாகவே பொங்குகிறது. 2021இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி அங்கே ஒரு மெகாவாட் நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டது. ஆழத்துளை வேலையை நம் ஆட்கள் முதலில் அங்கே பழகட்டும். அத்திப்பட்டுச் சாம்பலுக்கு இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அது வேறு சண்டை. அடுத்த கேள்வி?