குதிரைப் பல் வேலைக்கு மாறுவது எப்படி?

[திரையில்: லாயம். குதிரையின் கடைவாயில் தலைவிளக்கு வெளிச்சம்.]

குரல்: இருக்கிற வேலையை விட்டுக் குதிரைப் பல் பராமரிப்புக்கு வர நினைக்கிறீர்களா? பல்லை ராவும் அரம் வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். வெளிநாட்டில் வாங்கிய குதிரைப் பல் டெக்னீஷியன் சான்றிதழ் அந்தப் பதிவுக்கு ஈடாகாது.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற, பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு ஆகும். முடியாதவர்களுக்கு மருத்துவரின் உதவியாளர் வேலைதான் நேர்மையான வழி. அதைக் குறைவாக எண்ணாதீர்கள். குதிரையைப் பதறாமல் பிடித்து நிறுத்தும் ஆள் இல்லாமல் எந்த மருத்துவரும் வாய்க்குள் வேலை பார்க்க முடியாது. ஆனால் போலீஸ் குதிரைப்படை, ரைடிங் பள்ளிகள், மெரினா சவாரிக் குதிரைகள் என்று சென்னையில் குதிரைகள் குறைவு. பல் வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். ஆகவே வேலையை உடனே விடாமல், காலையில் ஒரு லாயத்தில் சைஸ்களோடு, அதாவது குதிரை பராமரிப்பவர்களோடு, நின்று பழகுங்கள்.

[திரையில்: குதிரை மண்டையோடு, பக்கவாட்டில்.]

குரல்: வளர்ந்த குதிரைக்கு 36 முதல் 44 பற்கள். கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஈறிலிருந்து வெளியே வரும், மெல்ல மெல்லத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேற்பல்லின் கன்னப் பக்கமும் கீழ்ப்பல்லின் நாக்குப் பக்கமும் தேயாமல் கத்திபோல் கூராகும். நீளமான புல்லை மெல்லும்போது தாடை அகலமாக அசையும். கொள்ளு, ஓட்ஸ் தின்றால் அந்த வீச்சு குறையும். லாயக் குதிரைக்குக் கூர் சீக்கிரம் வர இதுவும் ஒரு காரணம்.

பாதி மென்ற புல் உருண்டையாக விழுவது, இலத்தியில் முழுத் தானியம், கடிவாளம் போட்டால் தலையை உதறுவது, இவையெல்லாம் பல் வலியின் அறிகுறிகள். ஒரே மூக்குத் துவாரத்தில் நாற்றமடிக்கும் சளி வந்தால் மேற்பல் வேரில் சீழ் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

[திரையில்: ஸ்பெகுலம் பொருத்தும் காட்சி.]

குரல்: மருத்துவர் மயக்க ஊசி போட்டுத் தலை தொங்கியதும், அதை ஸ்டாண்டில் தாங்கி, வாயைக் கழுவி, வாயைத் திறந்து பிடிக்கும் கருவியான ஸ்பெகுலத்தை முன்பற்களில் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஸ்பெகுலம் இல்லாமல் கையை விட்டால் விரல் போகும். திறந்தே வைத்தால் தாடை மூட்டு வலிக்கும். இடையிடையே தளர்த்துவது உங்கள் பொறுப்பு.

ஒவ்வொரு பல்லின் நிலையையும் குறிக்கும் சார்ட் எழுதுவதும் உங்கள் வேலைதான். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் பக்கத்தைச் சொல்லும்: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. மீதி இரண்டும் நடுவிலிருந்து எண்ணும் வரிசை. 106, 206 பல் தேயாமல் கொக்கிபோல் நீண்டு வளரும் இடங்கள். 311, 411இலும் வளரும். பின்கோடியில் இருப்பதால் இவைதான் கண்ணில் படாமல் தப்புகின்றன.

கூரான விளிம்பை மட்டும்தான் ராவ வேண்டும். மெல்லும் பரப்பை வழவழப்பாக்கினால் புல் அரைபடாது. ஆழமாகப் போனால் பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழ் திறந்துவிடும். மிஷின் அரம் ஒரே பல்லில் நின்றால் சூடேறிப் பல் உள்ளுக்குள் செத்துப்போகும். சில நொடிக்கொரு முறை நகர்த்தித் தண்ணீர் விட வேண்டும்.

சென்னை வெயிலில் இந்த வேலையை விடிகாலையில், நிழலில் வையுங்கள். அடுத்த குதிரைக்கு முன் கருவிகளைக் கழுவிக் கிருமிநாசினியில் ஊற வையுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை தீனி போடக் கூடாது, உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.