"எல்லாத்துக்கும் நாலு போட்டுக்கோ": சர்வே கேள்வி எழுதப் போறவங்களுக்கு

வணக்கம் மக்களே, பசியாறிட்டீங்களா எல்லாரும். இன்னைக்கு மேட்டர் கொஞ்சம் வறட்சியா தெரியும், ஆனா சங்கம், கோயில் கமிட்டி, சமூக மன்றம், ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப்னு எதுலயாவது இருக்கீங்கன்னா உக்காந்து பாருங்க, ஏன்னா இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் ஒரு கூகல் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடுறோம், வந்த பதிலை வச்சு காசு செலவு பண்றோம், அப்புறம் ஏன் ஆளு வரலன்னு தலையைப் பிச்சுக்கிறோம்.

நான் வீடு வீடா போய் சர்வே எடுக்கிற வேலை பார்த்தவ, அது உங்கள்ல சில பேருக்குத் தெரியும். அதனால ஒரு அக்கா அவங்க ஏரியாவுல சின்னப் பிள்ளைங்களுக்கு தமிழ்க் கதை நேரம் ஒண்ணு ஆரம்பிக்கப் போறாங்களாம், பெத்தவங்ககிட்ட கேக்க கேள்வி எழுதி அனுப்பிச்சு "சரியா இருக்கா பாத்து சொல்லும்மா"ன்னாங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் அதை வச்சு இங்க பேசுறேன், பேரு வேணாம்னாங்க, சரி.

முதல் கேள்வி என்ன தெரியுமா. "பிள்ளைகளுக்குத் தரமான, பயனுள்ள தமிழ் நிகழ்ச்சிகள் நம் வட்டாரத்தில் தேவை என்று கருதுகிறீர்களா?" அக்கா, கோச்சுக்காதீங்க, இதுக்கு இல்லைன்னு சொல்ற தமிழ் அம்மா சிங்கப்பூர்ல இருக்காங்களா? தரமான, பயனுள்ளன்னு ரெண்டு மாலையை நீங்களே போட்டுட்டு அப்புறம் வேணுமான்னு கேக்குறீங்க. எல்லாரும் ஆமான்னு அமுக்கிடுவாங்க, நீங்க சந்தோஷமா ஹால் புக் பண்ணி நாற்காலி போட்டு உக்காந்திருப்பீங்க, நாலு பிள்ளை வரும். அவங்க பொய் சொன்னாங்கன்னு சொல்ல முடியாது. தமிழ் வேணுமான்னு கேட்டீங்க, வேணும்னாங்க. சனிக்கிழமை காலையில மேத்ஸ் டியூஷனை விட்டுட்டு வருவீங்களான்னு நீங்க கேக்கவே இல்லையே.

அதனால நான் மாத்திக் குடுத்தது, "போன சனிக்கிழமை காலை 10 மணிக்கு உங்க பிள்ளை எங்க இருந்துச்சு?" வீட்டுல, டியூஷன்ல, நீச்சல் கிளாஸ்ல, தாத்தா வீட்டுல, வேற. அவ்ளோதான். கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா இதுல வர்ற பதில்தான் ஹால் எந்த நேரத்துக்கு புக் பண்ணணும்னு சொல்லும். நினைப்பைக் கேட்டா நல்ல பதில் வரும், நடந்ததைக் கேட்டாத்தான் உண்மையான பதில் வரும்.

நடந்ததைக் கேக்கும்போதும் ஞாபகம்னு ஒரு தொல்லை இருக்கு. "கடந்த ஆறு மாசத்துல"ன்னு கேட்டீங்கன்னா பத்து மாசம் முன்னாடி நடந்ததையும் ஆள் உள்ள இழுத்துப் போட்டுடுவாங்க, வேணும்னு இல்ல, மனசுல அது கிட்டக்க நடந்த மாதிரியே இருக்கும். அதுக்கு நாள் கணக்கை விட, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற ஒரு நாளைப் பிடிச்சுக்கணும், "தீபாவளிக்கு அப்புறம்", "ஜூன் ஸ்கூல் லீவு தொடங்கினதுலேருந்து" அப்படி. செலவு மாதிரி சமாச்சாரத்துக்கு அதுவும் போதாது. நம்ம புள்ளிவிவரத் துறை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பச் செலவு சர்வே எடுப்பாங்கல்ல, அதுல வீட்டு ஆளுங்களை ரெண்டு வாரம் தினமும் செலவைக் குறிச்சு வைக்கச் சொல்லுவாங்க. ஏன்னா மாசம் கோப்பிக்கடையில எவ்ளோ செலவாகுதுன்னு உங்களை இப்ப கேட்டா நீங்க சொல்ற நம்பரு உங்களுக்கே தெரியும், குத்துமதிப்புதான்.

சரி ரெண்டாவது கேள்வி. "உங்கள் பிள்ளை தமிழ்ப் புத்தகம் படிப்பதுண்டா? அடிக்கடி, சில சமயம், அரிதாக." இங்கதான் நிறைய பேரு விழுவாங்க. அடிக்கடின்னா எவ்ளோ? ஒரு வீட்டுல வாரம் ஒரு தடவையே அடிக்கடி, இன்னொரு வீட்டுல தினமும் படிச்சாலும் "ஏதோ சில சமயம் படிப்பான்"னு சொல்லுவாங்க. ரெண்டையும் ஒரே எக்செல்ல போட்டு கூட்டினா என்ன வரும். சரி நம்பர் குடுத்துடலாம்னு குடுத்தா அதுலயும் ஒரு பொறி இருக்கு. 1985ல ஜெர்மனியில நோர்பெர்ட் ஷ்வார்ட்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் டிவி பாக்குறீங்கன்னு கேட்டாங்க. ஒரு குரூப்புக்கு அரை மணியில ஆரம்பிச்சு ரெண்டரை மணிக்கு மேலன்னு முடியுற ஆப்ஷன், இன்னொரு குரூப்புக்கு ரெண்டரை மணி வரைன்னு ஆரம்பிச்சு நாலரை மணிக்கு மேலன்னு முடியுற ஆப்ஷன். கேள்வி ஒண்ணுதான். முதல் குரூப்புல ரெண்டரை மணிக்கு மேல பாக்குறவங்க 16.2 சதவீதம், ரெண்டாவது குரூப்புல 37.5 சதவீதம்! ஏன்னா நாம ஆப்ஷனைப் பாத்துதான் ஊரு உலகம் எப்படி இருக்குன்னு கணக்கு போடுறோம், நடுவுல இருக்கிறதுதான் சராசரி ஆளுன்னு நினைச்சு நம்மளையும் அங்கயே பக்கத்துல உக்கார வச்சுக்கிறோம். அதனால அக்கா, ஆப்ஷனே வேணாம், "கடந்த 7 நாள்ல எத்தனை நாள்"னு கேட்டு ஒரு வெத்துக் கட்டம் விடுங்க, நம்பர் போடட்டும்.

மூணாவது, "நிகழ்ச்சியின் நேரமும் இடமும் வசதியாக உள்ளதா?" ஒரே கேள்விக்குள்ள ரெண்டு. இடம் ஓகே நேரம் ஓகே இல்லைங்கிறவங்க எங்க போய் டிக் போடுவாங்க. பிரிச்சிடுங்க, இதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஒரு இடத்துல "இதுபோன்ற நிகழ்ச்சிகள் தேவையில்லை என்று நீங்கள் கருதவில்லையா"ன்னு இருந்துச்சு. நானே ரெண்டு தடவை படிச்சேன். ஆமான்னா தேவையா, தேவையில்லையா? இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 1992ல அமெரிக்காவுல ரோப்பர்னு பெரிய சர்வே கம்பெனி, யூதர்களை நாஜிக்கள் கொன்னது நடக்கவே இல்லைங்கிறது சாத்தியமா, சாத்தியமே இல்லையான்னு இப்படி இல்லை மேல இல்லை வச்சு ஒரு கேள்வி கேட்டுட்டாங்க. 22 சதவீதம் பேரு சாத்தியம்னுட்டாங்க, நாடே அதிர்ந்து போச்சு. 1994ல அதே ரோப்பர் நேரான கேள்வியா மாத்தி திரும்பக் கேட்டப்ப நடக்காம இருந்திருக்கலாம்னு சொன்னது 1 சதவீதம். ஜனங்க மாறல, கேள்விதான் மாறுச்சு.

இன்னொண்ணு அதை விட நைசா நடக்கும். 1940ல அமெரிக்காவுல டொனால்ட் ரக்னு ஒருத்தரு, ஜனநாயகத்துக்கு எதிரா மேடையில பேச அனுமதிக்கணுமான்னு ஒரு குரூப்பைக் கேட்டா அனுமதிக்கக் கூடாதுன்னு 62 சதவீதம். தடை பண்ணணுமான்னு இன்னொரு குரூப்பைக் கேட்டா தடை பண்ணணும்னு 46 சதவீதம். அனுமதிக்காம இருக்கிறதும் தடை பண்றதும் ஒண்ணுதானே? ஆனா தடைன்னு வாய் விட்டுச் சொல்றதுக்கு ஆளுக்கு மனசு வரல. நம்ம புளோக் கீழ திறந்தவெளியா விட்டிருக்கிற வாய்ட் டெக்குல பசங்க பந்து விளையாடுற விஷயத்துல இதையே செஞ்சு பாருங்க, எந்தப் பக்கம் பதில் வேணுமோ அந்தப் பக்கம் வாங்கிடலாம். இதைச் சொல்லிக் குடுக்குறதுக்கே எனக்கு கொஞ்சம் பயமா இருக்கு, யாராவது கமிட்டி மீட்டிங்குல யூஸ் பண்ணிடப் போறீங்க.

இப்ப தலைப்புக்கு வர்றேன். இந்த ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லைன்னு 1லேருந்து 5 வரைக்கும் கட்டம் போட்டு வரிசையா இருபது வாக்கியம் குடுப்பாங்கல்ல, எழுதுறவங்களுக்கு ரொம்ப சுலபம், அதனாலதான் எல்லாரும் போடுறாங்க. ஒரு வீட்டுல கேட் பூட்டினபடியே ஒரு ஆன்ட்டி கம்பிக்கு அந்தப் பக்கம் கரண்டியோட நிக்கிறாங்க, உள்ள கடுகு வெடிக்குது, நான் இந்தப் பக்கம் டேப்லெட்டைப் பிடிச்சுக்கிட்டு மூணாவது வாக்கியம் படிக்கிறேன். "பொண்ணு, எல்லாத்துக்கும் நாலு போட்டுக்கோ, எல்லாம் நல்லாத்தான் இருக்கு." இல்ல ஆன்ட்டி ஒவ்வொண்ணா படிக்கணும்னேன். சரி படின்னாங்க, நாலு, நாலு, நாலு. "லிஃப்ட் ஒழுங்காக இயங்குகிறது" நாலு. அஞ்சாறு வாக்கியம் தள்ளி "லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது", அதுக்கும் நாலு! அப்படியே திரும்பி யாருக்கோ "அடுப்பை சிம்ல வையி"ன்னு ஒரு சத்தம்.

அந்த ஆன்ட்டி மேல தப்பே இல்லங்க. வாசல்ல வந்து நிக்கிற பிள்ளைகிட்ட மரியாதையா தலையாட்டுறது நம்ம பழக்கம், சமையலும் கருகக் கூடாது. ஒத்துக்கிறீங்களான்னு கேட்டா ஆளுங்க ஒத்துக்குவாங்க, அதுவும் டயர்டா இருந்தா கண்டிப்பா ஒத்துக்குவாங்க. "உங்க லிஃப்ட் கடைசியா எப்ப நின்னுச்சு"ன்னு கேட்டிருந்தா அந்த ஆன்ட்டி கரண்டியைக் கீழ வச்சுட்டு பத்து நிமிஷம் கதை சொல்லியிருப்பாங்க, எனக்குத் தெரியும்.

தெரியாதுன்னு ஒரு கட்டம் கண்டிப்பா வைங்க. அமெரிக்காவுல சின்சினாட்டியில ஜார்ஜ் பிஷப்ங்கிற ஆராய்ச்சியாளரும் மத்தவங்களும் 1975 பொது விவகாரச் சட்டத்தை ரத்து பண்ணலாமான்னு கேட்டாங்க, கிட்டத்தட்ட மூணுல ஒருத்தரு கருத்து சொன்னாங்க. அப்படி ஒரு சட்டமே கிடையாது, சும்மா கட்டி விட்டது. தெரியலன்னு சொல்றது ஆளுக்கு அவமானமா இருக்கு, நீங்கதான் அதுக்கு கதவு திறந்து வைக்கணும்.

இதுல மாமியார் பக்கத்துல உக்காந்திருக்கும்போது கேக்குற கேள்வி வேற ரகம். பிள்ளைகிட்ட வீட்டுல தமிழ்ல பேசுறீங்களான்னு மருமககிட்ட கேட்டா என்ன சொல்லும்? டேப்லெட்டை அவங்க கையில குடுத்து அவங்களே அமுக்கட்டும்னு விட்டா பாதிப் பிரச்சனை தீரும். ரொம்ப கூச்சமான விஷயத்துக்கு 1965ல ஸ்டான்லி வார்னர்னு ஒருத்தரு பதிலோட தற்செயலைக் கலந்து விடுற ஒரு வழியைச் சொன்னாரு, அதுலேருந்து வந்த நாணயம் போடுற முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்ப வீட்டுப் பணிப்பெண்ணுக்கு 2023லேருந்து மாசம் ஒரு நாளாவது லீவு குடுத்தே ஆகணும், காசு குடுத்து சரிக்கட்ட முடியாது. போன மாசம் ஒரு நாள் கூட லீவு குடுக்காம விட்டீங்களான்னு நேரா கேட்டா எவன் ஆமாங்கிறது? அதுக்கு, நாணயத்தைச் சுண்டுங்க, எனக்குக் காட்டாதீங்க, தலை விழுந்தா எதுவா இருந்தாலும் ஆமான்னு சொல்லுங்க, பூ விழுந்தா உண்மையைச் சொல்லுங்க. 100 பேர்ல சுமாரா 50 பேருக்குத் தலை, அவங்க எல்லாம் ஆமா. மொத்தம் 60 ஆமா வந்துச்சுன்னா மிச்சம் 10 பேரு பூ விழுந்த 50 பேர்லேருந்து வந்தது, அதாவது அஞ்சுல ஒருத்தரு. எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது, ஆனா எத்தனைன்னு சுமாரா தெரியும். ஆள் நிறைய வேணும் இதுக்கு, 30 பேரை வச்சு பண்ணாதீங்க.

நல்ல கேள்வியைக் கூட தப்பா படிக்கலாம்னு ஒண்ணு சொல்லணும், இது நம்ம எல்லாருக்கும் சுடுற விஷயம். சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வீட்டுல அதிகமா பேசுற மொழி எதுன்னு கேப்பாங்க. இந்தியர்கள்ல தமிழ்னு சொன்னவங்க 2010ல 36.7 சதவீதம், 2020ல 27.3. ஆங்கிலம் 41.6லேருந்து 59.2. உடனே வீட்டுல தமிழ் செத்துப் போச்சுன்னு ஃபார்வர்டு வரும். கேள்வியைப் பாருங்க, "அதிகமா"ன்னு ஒரு மொழிக்குத்தான் இடம். பாட்டிகிட்ட தமிழ், தம்பிகிட்ட இங்கிலீஷ், வீட்டுக்காரர்கிட்ட ரெண்டும் கலந்துன்னு பேசுற வீடு ஆங்கிலம்னு ஒரே பெட்டிக்குள்ள போயிடும். 2020ல கூடவே வேற மொழி பேசுறீங்களான்னும் பாத்தாங்க, எல்லா இனத்தையும் சேத்து ஆங்கிலம்தான் அதிகம்னு சொன்னவங்கள்ல 87 சதவீதம் பேரு வீட்டுல ஒரு தாய்மொழியும் பேசுறதா வந்துச்சு. குறையுதுங்கிறது உண்மைதான், நான் மறுக்கல, ஆனா முதல் நம்பரை மட்டும் பாக்குறவங்களுக்கும் ரெண்டையும் பாக்குறவங்களுக்கும் கிடைக்கிற படம் வேற வேற. அதனால அக்கா ஃபார்ம்ல "வீட்டில் தமிழ் பேசுவீர்களா, ஆம், இல்லை"ங்கிறதை எடுத்துட்டு நேத்து ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகிட்ட யாரு எந்த மொழியில பேசினீங்கன்னு போடச் சொன்னேன்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நாலஞ்சு பேரை, உங்க கமிட்டி ஆளுங்களை இல்ல, மார்க்கெட்டுல லிஃப்ட்டுல பாக்குற ஆளுங்களை உக்கார வச்சு, கேள்வியைப் படிச்சுக் காட்டி, பதில் வாங்காம "நான் என்ன கேட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க"ன்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா கேள்வியை மாத்துங்க, அவங்களுக்கு விளக்கம் குடுக்காதீங்க, ஏன்னா ஃபார்ம் போற எல்லா வீட்டுக்கும் நீங்க கூடவே போக முடியாது. டைம் இருந்தா ரெண்டு வாரம் கழிச்சு அதே ஆளுங்ககிட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க, பதில் தாறுமாறா மாறினா அந்தக் கேள்வியை நம்பாதீங்க. மாறலைன்னா மட்டும் சரின்னும் ஆகாது, அந்த "தரமான, பயனுள்ள" கேள்விக்கு ரெண்டு வாட்டியும் ஆமாதான் வரும்.

வயசு, வருமானம் எல்லாம் கடைசியில கேளுங்க, ஆரம்பத்துலயே சம்பளம் கேட்டா ஃபார்மை மூடிட்டு போயிடுவாங்க. அப்புறம் லிங்க்கை உங்க வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போடாதீங்க அக்கா, அதுல இருக்கிறவங்க எப்படியும் வர்றவங்க. வராதவங்க ஏன் வரலன்னுதான் உங்களுக்குத் தெரியணும், அவங்க லிஃப்ட்டுலயும் பாலர் பள்ளி வாசல்லயும்தான் நிப்பாங்க, அனுமதி வாங்கி கியூஆர் கோடை அங்க ஒட்டுங்க. ஃபார்ம் ரெடியானதும் லிங்க் அனுப்புங்க, நானும் என் போன்ல ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்.